ஒரே பந்தி: பேராயர் அசரியாவின் வாழ்வும் கனவும்

பெங்களூரின் அல்சூர், ஏரியாலும் தொன்மையான சோமேசுவரர் ஆலயத்தாலும் பெயர் பெற்ற பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு இங்கே குடிபெயர்ந்து, அல்சூரை ஒட்டி ஒரு பாளையத்தை அமைத்தது. படையைப் பின்தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் வந்தனர். சிப்பாய்கள், வணிகர்கள், தச்சர்கள், கொத்தர்கள், சமையற்காரர்கள், எழுத்தர்கள் எனப் பல தொழிலினரும் அவர்களுள் இருந்தனர். அவர்களில் கிறிஸ்தவரும் கணிசமானோர்.

இன்று மகாத்மா காந்தி சாலையின் கிழக்கு முனையில், அல்சூரின் வாயிலில் நிற்கும் ஹோலி டிரினிட்டி ஆலயம் 1851ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படையினருக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. அது ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. அங்கிருந்து மேற்கே நடந்து சென்றால் மெதடிஸ்டுகளின் ஈஸ்ட் பரேடு ஆலயம். இன்னும் சிறிது தொலைவில் ஸ்காட்லாந்து நாட்டுப் பிரெஸ்பிட்டேரியர்கள் எழுப்பிய புனித ஆண்ட்ரூ ஆலயம். ஒருவர் ஒரே காலைப்பொழுதில் கால்நடையாகவே இவை அனைத்தையும் கண்டு திரும்பலாம். ஆனால் ஓர் ஆலயத்தின் உறுப்பினர் மற்றோர் ஆலயத்தில் திருவிருந்து பெற அக்காலத்தில் பொதுவாக இயலாது.

தமிழ்ச் சபைகளின் நிலையும் இதுவே. ஆங்கிலிக்கன் சபையினர், லண்டன் மிஷனார், வெஸ்லியன் மெதடிஸ்டுகள் ஆகியோர் இப்பாளையத்துத் தமிழரிடையே தனித்தனியே பணியாற்றினர். மொழி ஒன்று, வாசித்த வேதாகமம் பெரும்பாலும் ஒன்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் எல்லா ஆலயங்களிலும் ஒலித்தன. ஆயினும் பந்தி மட்டும் வேறு வேறாக இருந்தது.

இந்த முரண்பாட்டைத் தம் உள்ளத்தில் ஆறாத புண்ணாகச் சுமந்து, அதைத் தீர்ப்பதற்காகத் தம் வாழ்நாளின் பிற்பகுதியை அர்ப்பணித்தவர் ஒரு தமிழர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவே அவர்.

தாயின் வேண்டுதல்

திருச்செந்தூருக்கு அருகே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சிற்றூர் வெள்ளாளன்விளை. தேரிக்காட்டின் செம்மணலும் பனைமரங்களும் சூழ்ந்த அவ்வூரில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் இளமையில் வணிகராக இருந்து, கிறிஸ்தவ நெறியைத் தழுவிப் பின்னர் ஊர்ச் சபையின் குருவானவர். தாயார் எல்லன் அம்மையார். நெடுங்காலம் ஆண்மகவின்றி வேண்டிப் பெற்ற பிள்ளையாதலால், விவிலியத்தில் அன்னாள் வேண்டிப் பெற்ற மகனின் பெயரையே அவருக்கும் சூட்டி, சாமுவேல் என்று அழைத்தனர்.

தந்தையார் 1889இல் மறைந்தார். அப்போது அசரியாவுக்கு வயது 15. தாயாரின் கண்டிப்பும் பக்தியும் கலந்த வளர்ப்பில் அவர் உருவானார். மெய்ஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியிலும் திருநெல்வேலியிலும் பயின்று, 1893இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். பட்டத் தேர்வு நெருங்கிய வேளையில் நோயுற்றதால் கணிதத் தேர்வை எழுத முடியாமற்போயிற்று. பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். அதே மனிதருக்குப் பிற்காலத்தில், 1920ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்துப் பெருமை கொண்டது.

மாணவப் பருவத்திலேயே அவர் மனத்தை ஒரு காட்சி வருத்தியது. கிறிஸ்தவர்களாக இருந்தும் மாணவர்கள் சாதி பார்த்துப் பிரிந்து நின்றனர். உணவுப் பந்தியிலும் அந்தப் பிரிவு தெரிந்தது. திருநெல்வேலிச் சபைகளில் அசனம் என்னும் பொது விருந்து மரபு உண்டு. ஊரார் அனைவரும் வரிசையாக அமர்ந்து ஒரே உலையில் வெந்த சோற்றை உண்பதே அதன் உட்பொருள். ஆலயத்து அசனத்தில் உணரப்படும் ஒருமை அன்றாட வாழ்வில் இல்லையெனில் வழிபாட்டுக்கு என்ன பொருள் என்ற கேள்வி அவருள் எழுந்தது. சாதிப் பிளவை அகற்றும் நோக்குடன் நண்பர்கள் சிலரைத் திரட்டி ஒரு சகோதரச் சங்கத்தையும் அமைத்தார். பிற்காலத்தில் சபைப் பிரிவுகளை எதிர்த்த அசரியா, சாதிப் பிரிவை எதிர்த்த இந்த இளைஞரிடமிருந்து வளர்ந்தவரே.

சபை எல்லைகளைக் கடந்த நட்பு

1895ஆம் ஆண்டில் அசரியா ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றார். பல்வேறு சபைகளைச் சேர்ந்த இளைஞர்கள் கூடி மன்றாடும் இடம் அது. தென்னிந்திய நகரங்கள் பலவற்றுக்கும் பயணம் செய்த அவர், தமக்கு அறிமுகமான ஆங்கிலிக்கன் வட்டத்துக்கு வெளியேயும் ஆழ்ந்த பக்தியும் தூய வாழ்வும் இருப்பதைக் கண்ணாரக் கண்டார்.

அடுத்த ஆண்டு அமெரிக்கரான ஷெர்வுட் எடியைச் சந்தித்தார். எடி, காங்கிரிகேஷனல் சபையினர், அசரியா, ஆங்கிலிக்கன். ஒருவர் ஆளும் இனத்தாரோடு ஒத்த நிறத்தவர். மற்றவர் ஆளப்படும் நாட்டவர். ஆயினும் இருவரும் உடன்பிறந்தார் போலப் பழகினர், சேர்ந்து பயணம் செய்தனர், சேர்ந்து முழந்தாளிட்டனர். இந்த நட்பு இருவரும் வாழ்ந்த காலமெல்லாம் நீடித்தது. மன்றாட்டில் ஒன்றாக முழந்தாளிடும் இருவரைத் திருவிருந்தில் சபை விதிகள் பிரித்து வைத்திருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், அசரியாவின் பிற்காலப் போராட்டத்தின் வேர் புலப்படும்.

1898இல் அன்பு மரியம்மாள் சாமுவேலை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வி கண்ட முதல் சிலருள் ஒருவர் அவ்வம்மையார். கணவரின் கடுமையான பணி வாழ்வில் அவர் இறுதிவரை உடன் நின்று, பின்னாளில் கிராமப் பெண்களிடையே சிறப்பாகத் தொண்டாற்றினார்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள், தம் சொந்தப் பணத்தைத் திரட்டிக் கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி வருவதை அறிந்தார். சிறிய யாழ்ப்பாணச் சபையால் இயன்றது பெரிய திருநெல்வேலிச் சபையால் இயலாதா என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை. அதன் பயனாக 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் அடித்தளம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1905 டிசம்பர் 25ஆம் நாள் வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் பல பகுதிகளையும் பல சபைகளையும் சேர்ந்தோர் அதில் ஒன்றுகூடினர். அதன் முதற் செயலாளராக அசரியா பணியாற்றினார். வெளிநாட்டார் ஏற்படுத்திய பிரிவுகளைக் கடந்து இந்தியர் தமக்குள் கூடிப் பணியாற்ற முடியும் என்பதற்கு அச்சங்கம் ஒரு கண்கூடான சான்றாயிற்று.

எடின்பரோவில் எழுந்த குரல்

1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் கலந்துகொண்ட அப்பேரவையில் ஆசிய நாட்டவர் இருபது பேருக்கும் குறைவு. அவர்களுள் ஒருவராக, முப்பத்தைந்து வயதுடைய அசரியா பேச எழுந்தார்.

மேலைநாட்டு ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே தயவும் தர்மமும் உண்டு, ஆனால் உண்மையான தோழமை இல்லை என்பதை அவர் மறைக்காமல் எடுத்துரைத்தார். ஒரே பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டிருந்தும், ஒருவர் வீட்டில் மற்றவர் அமர்ந்து உண்ணாத நிலையை அவர் சுட்டிக்காட்டினார். மேலைநாட்டார் செய்த தியாகங்களுக்கு நன்றி கூறிவிட்டு, இவை எல்லாவற்றுக்கும் மேலாக இந்தியர் வேண்டுவது நண்பர்களையே என்று வேண்டி முடித்தார். அவையினர் சிலர் முகம் சுளித்தனர். சிலர் உள்ளம் நெகிழ்ந்தனர். அந்த மாநாட்டில் நிகழ்த்தப்பட்ட உரைகளுள் இன்றளவும் நினைவுகூரப்படுவது அந்த இளம் தமிழரின் உரையே.

பந்தி என்பது அசரியாவுக்கு ஒரு வெறும் உவமை அன்று. சாதியாயினும், இனமாயினும், சபையாயினும் பிரிவின் முகம் பந்தியில்தான் வெளிப்படுகிறது என்பதை அவர் வாழ்வு அவருக்குக் கற்பித்தது.

தோர்ணக்கல்லின் மாட்டுவண்டிப் பேராயர்

இளைஞர் சங்கத்தின் வசதியான பொறுப்பை 1909இல் துறந்து, குருத்துவத் திருநிலை ஏற்று, அசரியா நிஜாம் அரசுக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குச் சென்றார். இன்றைய தெலங்கானா மாநிலத்தில் உள்ள அவ்வூர் அப்போது வறண்ட நிலமும் வறிய மக்களும் நிறைந்த இடம். தமிழரான அவர் தெலுங்கைக் கற்று, அம்மொழியிலேயே போதித்தார்.

சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட், அசரியாவைப் பேராயராக்க விரும்பினார். அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பியர் எவ்வாறு பணியாற்றுவர் என்று வெள்ளையருள் சிலர் கேட்டனர்; சாதி மனப்பான்மை கொண்ட இந்தியரிடமிருந்தும் முணுமுணுப்பு எழுந்தது. எதிர்ப்புகளைக் கடந்து, 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதன்முறை.

பதவி உயர்ந்தபோதும் வாழ்க்கை மாறவில்லை. மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். மரத்தடியில் மக்களோடு அமர்ந்தார். அவரிடம் வந்தோருள் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். மற்றவரால் தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்ட இவ்விரு வகுப்பினரும் தமக்குள்ளேயும் ஒருவரோடொருவர் உண்ணாதவர்கள். ஆலயத்தில் அவர்கள் அருகருகே முழந்தாளிட வேண்டும், ஒரே அப்பத்தையும் ஒரே பாத்திரத்தையும் பகிர வேண்டும் என்பதில் பேராயர் உறுதியாக நின்றார்.

அவருடைய காலத்தில் தோர்ணக்கல் மறைமாவட்டத்தின் கிறிஸ்தவர் தொகை ஒரு இலட்சத்தை மிகவும் கடந்து வளர்ந்தது. இவ்வளர்ச்சியே 1930களில் காந்தியடிகளுக்கும் அவருக்கும் இடையே கருத்து வேறுபாட்டை உண்டாக்கியது. மதமாற்றத்தைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் தாமே விரும்பித் தேர்ந்த வழி அது என்று அசரியா கருதினார். ஆயினும் கிறிஸ்தவருக்கெனத் தனி வாக்காளர் தொகுதிகள் வேண்டாம், அவை நாட்டு மக்களைப் பிரிக்கும் என்று அசரியா எதிர்த்து நின்றதும் வரலாற்று உண்மை. பிரிவினையை எந்த வடிவிலும் அவர் விரும்பியதில்லை.

அவர் எழுப்பிய தோர்ணக்கல் பேராலயம், கால் நூற்றாண்டு முயற்சிக்குப் பின் 1939 ஜனவரி 6ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்டது. இந்துக் கோயில்களை நினைவூட்டும் தூண்களும், இஸ்லாமியக் கட்டடக் கலையின் கும்மட்டங்களும் அங்கே கிறிஸ்தவ வழிபாட்டிடத்தில் இணைந்து நிற்கின்றன.

பிரிவுகள் எவ்வாறு வந்தன?

இந்நாட்டுச் சபைப் பிரிவுகள் எவ்வாறு அமைந்தன என்பதை இங்கே சற்று அறிந்துகொள்வது நலம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வந்த மிஷன்கள் தங்களுக்குள் மோதலைத் தவிர்க்க நிலப்பரப்பைப் பங்கிட்டுக்கொண்டன. திருநெல்வேலி ஆங்கிலிக்கன்களுக்கு, மதுரை அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷனுக்கு, வேலூர், ஆர்க்காட்டுப் பகுதி அமெரிக்கச் சீர்திருத்தச் சபைக்கு, மன்னார்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்கள் வெஸ்லியன்களுக்கு. எனவே ஒரு தமிழ்க் குடும்பம் எந்தச் சபையைச் சேர்ந்தது என்பதை அவர்களின் கொள்கைத் தெளிவு முடிவு செய்யவில்லை. அவர்கள் ஊருக்கு முதலில் எந்த மிஷன் வந்தது என்பதே முடிவு செய்தது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மன்னர்களையும் ஆயர்களையும் பற்றி எழுந்த பழைய வழக்குகளை, அவற்றை ஒருபோதும் கேட்டறியாத பனையேறிகளும் உழவர்களும் சுமக்க நேர்ந்தது.

கிராமத்தில் இருக்கும்வரை இது பெரிதாகத் தோன்றவில்லை. பிழைப்புக்காக அவர்கள் பெங்களூர், சென்னை, கோலார் தங்கவயல் போன்ற இடங்களுக்கு வந்தபோதுதான் வேற்றுமை உறைத்தது. பாளையங்கோட்டையாரும் மதுரையாரும் வேலூராரும் அல்சூரின் ஒரே தெருவில் குடியிருப்பர்; ஒரே கிணற்றில் நீர் இறைப்பர்; துக்க வீட்டில் ஒன்றாகப் பாடுவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தனித்தனி வழியே நடப்பர்.

ஒற்றுமைக்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1908இல் பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையினரும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையை அமைத்தனர். 1910இல் பல மிஷன்கள் கூடிப் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியை நிறுவின. வெவ்வேறு சபைகளின் மாணவர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கிக் கற்று மன்றாடும் வாய்ப்பை அது உண்டாக்கியது. ஆனால் பேராயர் ஆட்சி முறையைக் கொண்ட ஆங்கிலிக்கன் திருச்சபைக்கும், அம்முறையை ஏற்காத சபைகளுக்கும் இடையே நின்ற சுவர் அப்படியே இருந்தது.

தரங்கம்பாடியில் இரு நாட்கள்

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கு வந்திறங்கிய கடற்கரை தரங்கம்பாடி. இந்தியாவில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவத்தின் தொட்டில் அது. 1919 மே மாதம் 1, 2 ஆகிய நாட்களில் அங்கே 33 பேர் கூடினர். இருவர் தவிர மற்ற அனைவரும் இந்தியர். ஆங்கிலிக்கன் குழுவில் அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையின் குழுவில் மெஷாக் பீட்டரும் முன்னின்றனர்.

முதல் உலகப்போர் முடிந்து ஆறு மாதங்களே கடந்திருந்தன. கிறிஸ்தவ நாடுகள் எனப் பெயர் பெற்றவை ஒன்றையொன்று கொன்று குவித்ததை உலகம் கண்டிருந்தது. தங்களுக்குள் பிளவுபட்டு நிற்போர் பிறருக்குச் சமாதானத்தைப் போதிக்க இயலுமா என்ற கேள்வி அக்கூட்டத்தினர் முன் நின்றது. அவர்கள் முதலில் மன்றாடினர், பின்னர் பேசினர்.

அங்கே உருவான அறிக்கை தரங்கம்பாடி அறிக்கை என்று வழங்கப்படுகிறது. தங்களை வலுவிழக்கச் செய்யும் இப்பிரிவுகளைத் தாங்கள் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று அது வெளிப்படையாகக் கூறியது. திருமறை, பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றோடு, தொன்றுதொட்டு வரும் பேராயர் ஊழியத்தையும் இந்நாட்டுக்கேற்ற வடிவில் ஒற்றுமையின் அடிப்படையாக அது முன்வைத்தது.

விட்டுக்கொடுத்தல் இரு தரப்பிலும் தேவைப்பட்டது. பேராயர் என்ற சொல்லையே ஐயுற்றவர்கள் அப்பதவியை ஏற்க இசைந்தனர். பேராயர் கையால் திருநிலை பெறாதவரின் ஊழியத்தை ஏற்கத் தயங்கிய ஆங்கிலிக்கன் மரபில் வந்த அசரியா, மற்றச் சபைகளின் சமத்துவத்தை ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில் வகுக்கப்பட்ட திட்டத்தில் இதற்கு ஓர் அழகிய தீர்வு கண்டனர். இணைப்பின்போது பணியிலிருக்கும் குருமார் அனைவரும் மறுபடியும் திருநிலை பெறாமலே ஏற்கப்படுவர். இனி புதிதாக வருவோர் பேராயர்களால் திருநிலை பெறுவர். முப்பது ஆண்டுகளில் இரு வகையும் இயல்பாக ஒன்றாகிவிடும். அதுவரை எந்தச் சபையின் மீதும் அதன் மனசாட்சிக்கு மாறான ஊழியரைத் திணிப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் உறுதியளித்தனர். வெறும் சட்டத்தால் தீராத சிக்கலைக் காலத்திடமும் பரஸ்பர நம்பிக்கையிடமும் ஒப்படைத்தனர்.

நீண்ட காத்திருப்பு

இரு நாட்களில் உதித்த எண்ணம் நிறைவேற இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1925இல் மெதடிஸ்டுகளும் பேச்சுவார்த்தையில் சேர்ந்தனர். 1929இல் இணைப்புத் திட்டம் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அது பலமுறை திருத்தி எழுதப்பட்டது. குழுக் கூட்டங்கள் சொல்லுக்குச் சொல் வாதிட்டன. இங்கிலாந்திலிருந்தும் கடும் எதிர்ப்பு வந்தது. புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்கூட 1943ஆம் ஆண்டில் இத்திட்டத்தை எதிர்த்து ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

அசரியா சலிப்படையவில்லை. 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும், 1930இல் லண்டனில் கூடிய லாம்பெத் மாநாட்டிலும் அவர் இதே வழக்கை எடுத்துரைத்தார். மேலைநாடுகளில் சபைப் பிரிவு ஒரு பலவீனமாக மட்டும் தோன்றலாம். பல சமயத்தார் நடுவே வாழும் இந்தியத் திருச்சபைக்கோ அது பாவமும் இடறலும் ஆகும் என்பதே அவர் கூற்றின் சாரம்.

அவர் உள்ளத்தை மிகவும் உலுக்கிய நிகழ்ச்சி ஒன்றை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1935இல் டாக்டர் அம்பேத்கர், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்திருந்தார். அக்காலத்தில் அவருடன் உரையாடும் வாய்ப்பு அசரியாவுக்குக் கிடைத்தது. தம் மக்கள் எங்கு சென்றாலும் ஒன்றாகவே இருக்க விரும்புகின்றனர். கிறிஸ்தவத்துக்கு வந்தால் ஊருக்கு ஒரு சபையாகச் சிதற வேண்டியிருக்குமே என்று அம்பேத்கர் கேட்டாராம். நாட்டின் எல்லாத் திசைகளிலும் பேசிப் பழகிய பேராயர் அன்று விடையின்றி, வெட்கத்துடன் திரும்பினார். தம்மை நோக்கி எறியப்பட்ட வசையாக அவர் அதைக் கொள்ளவில்லை. தம் திருச்சபைக்குக் காட்டப்பட்ட கண்ணாடியாகக் கொண்டார். அதன்பின் அவருடைய முயற்சி இன்னும் தீவிரமாயிற்று.

காணாமலே கண்ட கனவு

1945 ஜனவரி முதல் நாள், தோர்ணக்கல்லில் பேராயர் அசரியா இறைவனடி சேர்ந்தார். வயது 70. தாம் கட்டிய பேராலயம் நின்ற மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே 1945ஆம் ஆண்டில்தான் ஆங்கிலிக்கன் பொதுப் பேரவை இணைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மெதடிஸ்டுகள் அதற்கு முன்பே இசைந்திருந்தனர். தென்னிந்திய ஐக்கிய சபை 1946இல் இசைந்தது.

1947 செப்டம்பர் 27ஆம் நாள். நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன. வடக்கே பஞ்சாபில் பிரிவினையின் இரத்தம் இன்னும் உலராத வேளை. சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் பெருந்திரளாகக் கூடினர். பேராயர் சி.கே. ஜேக்கப் தலைமையில் தென்னிந்தியத் திருச்சபையின் தோற்றம் அறிவிக்கப்பட்டது. அன்றே ஒன்பது புதிய பேராயர்கள் திருநிலைப்படுத்தப்பட்டனர். ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியக் குருவான லெஸ்லி நியூபிகின் மதுரை, இராமநாதபுரப் பகுதியின் பேராயரானார். பதினான்கு மறைமாவட்டங்களும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும் கொண்ட ஒரே திருச்சபையாக அவர்கள் ஒரே பந்தியை அணுகினர். பேராயர் ஆட்சியை ஏற்ற சபையும் ஏற்காத சபைகளும் இவ்வாறு ஒன்றானது நவீன உலக வரலாற்றில் புதுமையாகப் போற்றப்பட்டது.

வெற்றி முழுமையாக இருக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். அசரியாவின் சொந்த மறைமாவட்டத்திலேயே நந்தியால் பகுதியினர் இணைப்பை ஏற்கத் தயங்கி வெளியே நின்றனர். அவர்கள் சேர்வதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் சிரியன் மரபினரும் இன்றும் தனித்தே உள்ளனர். எனினும் ஒரு முறை திறந்த கதவு மீண்டும் அடைபடவில்லை. 1970இல் நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவானது. பெங்களூரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன் என்று தனித்தனியே எழுப்பப்பட்ட ஹோலி டிரினிட்டி, ஈஸ்ட் பரேடு, புனித ஆண்ட்ரூ ஆலயங்கள் யாவும் காலப்போக்கில் தென்னிந்தியத் திருச்சபை என்னும் ஒரே குடும்பத்தின் ஆலயங்களாயின.

இதுவரை இணையாத சபைகளும் ஒன்றுகூடி வழிபட ஒரு வாய்ப்பு உண்டு. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை உலகின் பல நாடுகளில் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான மன்றாட்டு வாரம் அனுசரிக்கப்படுகிறது. 1908இல் அமெரிக்காவில் தொடங்கிய இவ்வழக்கத்துக்கான வழிபாட்டுக் குறிப்புகளை, 1968 முதல் உலகத் திருச்சபைகளின் மன்றமும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்தே வழங்கி வருகின்றன. அவ்வாரத்தில் ஒரு சபையின் ஆலயத்தில் மற்றச் சபையின் குரு போதிப்பதும், பல சபைப் பாடகர் ஒரே குழுவாகப் பாடுவதும் அரிய காட்சிகள் அல்ல.

கை மாறும் சமாதானம்

தென்னிந்தியத் திருச்சபை 1950ஆம் ஆண்டில் தனக்கென ஒரு திருவிருந்து வழிபாட்டு முறையை வகுத்தது. அதில் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவரின் பழைய வழக்கம் ஒன்றைச் சேர்த்தனர். திருவிருந்துக்கு முன் ஆயர் தம் சமாதானத்தை அருகில் இருப்பவருக்குக் கையால் வழங்குவார். கொடுப்பவரின் வலக்கை பெறுபவரின் வலக்கையோடு சேரும். இருவரும் இடக்கையால் அதை மூடிக்கொள்வர். பெற்றவர் திரும்பி அடுத்தவருக்கு அதை அளிப்பார். இவ்வாறு பீடத்திலிருந்து புறப்பட்ட சமாதானம், வரிசை வரிசையாகக் கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவர் வரை சென்று சேரும். இவ்வழக்கம் பின்னர் உலகின் பல திருச்சபைகளின் வழிபாட்டு முறைகளுக்கும் முன்மாதிரியாயிற்று.

கையைப் பற்றாமல் சமாதானத்தைக் கொடுக்க முடியாது. அருகில் இருப்பவர் எந்தச் சாதி, எந்த மொழி, முன்பு எந்தச் சபை என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவும் முடியாது. கல்லூரிப் பந்தியில் சாதியைக் கண்டு வருந்திய இளைஞர், எடின்பரோவில் நட்பை வேண்டி நின்ற பிரதிநிதி, தோர்ணக்கல்லில் மாலரையும் மாதிகரையும் அருகருகே முழந்தாளிடச் செய்த பேராயர், தரங்கம்பாடியில் விட்டுக்கொடுத்துப் பெற்றுக்கொண்ட தலைவர் ஆகிய அனைவரும் தேடியது இதுவே.

ஒற்றுமையைப் பற்றிப் பேசுவது எளிது. கூட்டங்கள் நடத்துவதும் எளிது. நம் பக்கத்து வரிசையில் அமர்ந்திருப்பவரோடு சேர்ந்து முழந்தாளிடவும், அவர் கையிலிருந்து உண்ணவும் நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே கடினமான கேள்வி. எந்த நெறியைப் பின்பற்றுவோராயினும், எந்த ஊரில் வாழ்வோராயினும், நம் ஒவ்வொருவர் முன்பும் இக்கேள்வி நிற்கிறது. பேராயர் அசரியா அதற்குத் தம் வாழ்வால் விடையளித்தார். பயனைத் தம் கண்களால் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. விதைத்தவர் அறுவடையைக் காணாவிட்டாலும், நிலம் தரிசாகக் கிடப்பதில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்றாக நிற்கிறது.